கடைமடைத் துறைமுகம் – 11: எட்டு ஆண்டுச் சுங்க ஒப்பந்தம்

தரங்கம்பாடியில் விடியலில் புறப்பட்டுக் கடலோரமாகத் தெற்கே நடப்பவர், பொழுது சாய்வதற்குள் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ஒரு பகல் நடைக்குள் ஒரு காலத்தில் மூன்று ஐரோப்பிய அரசுகள் இருந்தன. தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்கள். நாகையில் 1658 முதல் டச்சுக்காரர்கள். நடுவில் காரைக்காலில், தஞ்சை மராட்டிய மன்னரிடம் பேரம் பேசி 1739 பிப்ரவரியில் வந்து உட்கார்ந்த பிரெஞ்சுக்காரர்கள். கொடிக்கு ஒரு சுங்கம், சுங்கத்துக்கு ஒரு கணக்குப் பிள்ளை. 1781இல் நாகை ஆங்கிலேயரிடம் போனது. 1845இல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயருக்கே விற்றுவிட்டுப் போனார்கள். போர்களில் பலமுறை கைமாறி, கடைசியாக 1817 ஜனவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர் வசம் திரும்பிய காரைக்கால் மட்டும் தனியே நின்றது. ஒரு பக்கம் கடல், மற்றெல்லாப் பக்கமும் தஞ்சாவூர் ஜில்லா.

ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர்தான் மொத்தப் பரப்பு. அரசலாறு, நாட்டாறு, நண்டலாறு, திருமலைராயனாறு, முடிகொண்டானாறு, வாஞ்சியாறு, நூலாறு என்று காவிரியின் ஏழு கிளைகள் இங்கே வந்துதான் முடிகின்றன. மதகுகள் எல்லாம் மேலே, அடுத்த அரசின் கையில். ஆகவே அண்டை நாட்டோடு ஒத்துப்போவதா வேண்டாமா என்ற கேள்வி காரைக்காலில் ஒருநாளும் எழுந்ததில்லை. வயலுக்குத் தண்ணீர் அங்கிருந்து வரவேண்டும், விளைந்த நெல் அந்த வழியாகவோ கடல் வழியாகவோ வெளியே போகவேண்டும். எந்த விதிகளின்படி, எத்தனை காலத்துக்கு, யார் பேசி முடித்த விதிகளின்படி என்பதுதான் இந்த ஊரின் கேள்வி. இந்தத் தொடரின் எல்லாப் பகுதிகளுக்கும் அடியில் ஓடுவது அதுதான். இந்த வாரம் அதை நேரடியாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் உப்பு. 1815 மார்ச்சில் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் உப்பை வாங்கும் முழு உரிமையும் ஆங்கிலேயருக்குப் போனது. பதிலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818இல் இன்னொரு ஏற்பாடு: சோழமண்டலக் கரையின் பிரெஞ்சு ஊர்களில் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிடுவது, உப்பளக்காரர்களுக்கு நஷ்டஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன் கொடுப்பது. கடல் வாசலில் இருக்க, வெயில் தலைக்கு மேல் காய, காரைக்காலின் அடுப்படிக்கு உப்பு சென்னை அரசாங்கத்திடமிருந்து வந்தது. லண்டனில் எழுதப்பட்ட சில வரிகளால் ஒரு கரையோரத்தின் தொழில் மறைந்தது. அண்டை அரசுகளின் பொருளாதார ஏற்பாடு என்பதன் முதல் ருசி காரைக்காலுக்கு இப்படித்தான் கிடைத்தது.

இரண்டாவது ஏற்பாடு ரயில். இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்த வரலாற்றிலேயே மனம் நிறைகிற பகுதி இதுதான்.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு அந்தக் காலத்தில் ஓர் அரிய காரியம் செய்தது. நிலத்தீர்வையோடு சேர்த்து ரயிலுக்கென்று ஒரு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் சொந்தமாகவே ரயில்பாதை போட்டது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை போகும் அந்த மீட்டர் கேஜ் பாதை 1894இல் திறக்கப்பட்டது. ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு, சொத்து ஜில்லா போர்டுக்கு. மிராசுதாரும் சிறு குடியானவரும் கட்டிய வரியில் வந்த ரயில் அது. அந்தப் பாதையில் மாயவரத்துக்குத் தெற்கே பேரளம் ஒரு நிலையம். அங்கிருந்து காரைக்கால் 23 கிலோமீட்டர் சொச்சம்தான்.

பிரெஞ்சிந்திய அரசு அந்த 23 கிலோமீட்டரைத் தன் செலவில் போட்டது. பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் வரை 1898 மார்ச்சில் ரயில் வந்தது. ஓட்டியது அதே தென்னிந்திய ரயில்வே கம்பெனி. ஒரு முனையில் தஞ்சை விவசாயிகளின் வரிப்பணம், மறுமுனையில் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் பணம், நடுவில் ஒரு தனியார் கம்பெனியின் எஞ்சின். ஒரே அகலத் தண்டவாளம், இரண்டு அரசுகளின் மண்.

இது ஏன் நடந்தது என்பதற்கு வியாபாரக் கணக்கைப் பார்க்கவேண்டும். 1908இல் வெளியான இந்திய இம்பீரியல் கெசட்டியர் காரைக்காலைப் பற்றிச் சொல்லும்போது, இலங்கையோடு மும்முரமான அரிசி வியாபாரம் நடப்பதையும், அதைவிடக் குறைவாக மலாய்க் கரையோடு நடப்பதையும், பிரான்ஸோடு வியாபாரமே இல்லை என்பதையும் பதிவு செய்கிறது. கொடி பிரெஞ்சுக் கொடி, வியாபாரம் யாழ்ப்பாணத்தோடும் கொழும்போடும் பினாங்கோடும். துறைமுகம் என்று பெயரே தவிர, கப்பல் கரையணைய வசதியில்லாத திறந்த கடல்தான். அரசலாற்று முகத்திலிருந்து படகுகளும் தோணிகளும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. டெல்டாவின் உள்ளூர்களில் அரைபட்ட அரிசி கடலுக்கு வர ஒரு வழி வேண்டும். காரைக்காலின் படகுகளுக்கு அரிசி வேண்டும். இரு பக்கத்தாருக்கும் நாளாந்தத் தேவை இருந்தது, இரு பக்கத்தாரும் காசு போட்டார்கள். அந்த ரயில் இரண்டு உலகப் போர்களைத் தாண்டியது, சுங்க முற்றுகையைத் தாண்டியது, கொடி மாறியதையும் தாண்டியது. சுதந்திர இந்தியாவின் சொந்த ரயில்வேதான் 1980களில், நஷ்டக் கணக்கு காட்டி, அதை நிறுத்தியது.

இனி, தலைப்பில் சொன்ன ஒப்பந்தம்.

ரயில் ஓடியதே தவிர, எல்லையில் சுங்கம் இருந்தது. காரைக்காலில் இறங்கிய வெளிநாட்டுச் சரக்கு பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைந்தால், அது சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கைப் போலத் தீர்வை கட்டவேண்டும். 1924இல் வந்த நிலச்சுங்கச் சட்டம் இதற்கென்றே செய்யப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் போன்ற அந்நியப் பகுதிகளின் எல்லைகளில் சாவடி வைத்துச் சரக்கைச் சோதிக்க அது வழிசெய்தது. வரப்பு ஒன்றுதான், வாய்க்கால் ஒன்றுதான், மாமன் மச்சான் உறவும் ஒன்றுதான். ஆனால் மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் அப்பால் போகமுடியாது.

1940 ஜூனில் பாரிஸ் ஜெர்மானியர் வசம் விழுந்தது. புதுச்சேரி கவர்னர் லூயி போன்வேன் அந்த செப்டம்பரில் தெ கோலின் பக்கம் சேர்ந்துகொண்டார். தாய்நாட்டோடு கப்பல் தொடர்பு அற்றுப்போனது. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி எதுவானாலும் பிரிட்டிஷ் இந்தியா விட்டால்தான் உண்டு. பிரிட்டிஷாருக்கோ போர்க்காலத்தில் தங்கள் கரையில் சுங்க ஓட்டைகள் இருப்பது ஆபத்து. இரண்டு தேவைகளும் சந்தித்த இடத்தில், 1941 ஜனவரி 28 அன்று சுங்க ஒன்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரெஞ்சிந்தியத் துறைமுகங்களிலும் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதங்களே செல்லும், நிலத்து எல்லையில் சுங்கத்தடை இராது, வருவாயில் பிரெஞ்சிந்திய நிர்வாகத்துக்கு ஒரு பங்கு வரும் என்பது அதன் சாரம்.

இன்று ஐரோப்பாவைப் பார்த்து நாம் வியக்கும் ஏற்பாடு எதுவோ, அதன் கரு இந்தக் காவிரிக் கடைமடையில் 1941இலேயே செயலில் இருந்தது. ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகத்தின் உடன்படிக்கை கையெழுத்தானது 1951இல். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் தம் சுங்க ஒன்றியத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1948இல். அவற்றுக்கு முன்பே திருநள்ளாற்றுக் குடியானவர் நெல் வண்டியைச் சுங்கக் கெடுபிடி இல்லாமல் பேரளம் பக்கம் ஓட்டிப் போகமுடிந்தது. அளவில் இவை ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நம் பாடநூல்களில் இதற்கு ஒரு வரி கூட இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

ஒப்பந்தத்துக்குள் ஒரு பெரிய குறை இருந்தது. இரண்டு தலைநகரங்கள் போர் நெருக்கடியில் செய்துகொண்ட வேலை அது. போருக்குப் பிறகு என்ன என்ற யோசனை அதில் இல்லை. சுங்கம் போனதால் என்ன தொழில் வளரும், துறைமுகத்தை எப்படி ஆழப்படுத்துவது, எல்லைக்கு இருபுறமும் நிலம் வைத்திருப்பவர் கணக்கு என்ன, இவை எதுவும் யார் மேசையிலும் இல்லை. காரைக்கால் நகராட்சியோ ஜில்லா போர்டோ இதில் ஒரு தரப்பு அல்ல. ரயிலைப் போட்டபோது இருந்த உள்ளூர்க் கை இங்கே இல்லை.

1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. சுதந்திர இந்தியாவுக்குப் பிரெஞ்சு ஊர்கள் இணையவேண்டும், அது நியாயமான கோரிக்கை. 1948 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்வது என்று இரு அரசுகளும் ஒத்துக்கொண்டன. 1949 ஜூனில் சந்தனநகரில் வாக்கெடுப்பு நடந்து அது இந்தியாவோடு சேர்ந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இழுபறி. பேச்சு இழுக்க இழுக்க, தில்லியின் கையில் இருந்த கருவி சுங்கம் ஒன்றுதான். ஒப்பந்தம் 1949 மார்ச் 31 அன்று முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏப்ரல் 1 விடிந்தபோது காரைக்காலைச் சுற்றி மறுபடி சுங்கச் சாவடிகள்.

விளைவு இரண்டு விதமாக இருந்தது. பிரெஞ்சு ஊர்கள் தீர்வையற்ற துறைமுகங்களாகின. கடிகாரமும் பேனாவும் ஒயினும் தங்கமும் வைரமும் வந்து இறங்கின, அவை எல்லை தாண்டிய விதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்து சிலர் மாடி வீடு கட்டினார்கள். மறுபுறம், நிலம் இந்தப் பக்கமும் களம் அந்தப் பக்கமும் வைத்திருந்த குடும்பத்துக்கு அறுவடை ஒரு தலைவலியானது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எதுவும் நகரவில்லை. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குத் தரைவழியாக ஒரு மூட்டை அரிசி போகவேண்டுமென்றால் இந்திய எல்லையை இரண்டுமுறை கடக்கவேண்டும். 1954 வசந்தகாலத்தில் கெடுபிடி இன்னும் இறுகியது.

இந்தியாவின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. காலனி ஆட்சி போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் பாரிஸிலும் இல்லை, தில்லியிலும் இல்லை. நெடுங்காட்டிலும் நிரவியிலும் கோட்டுச்சேரியிலும் இருந்தார்கள். அவர்களுடைய ஐந்தரை ஆண்டுத் தவிப்பு விடுதலை வரலாற்றில் ஓர் அத்தியாயமாக எழுதப்பட வேண்டியது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. நிலத்துச் சுங்கம் அத்தோடு ஒழிந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1956 மே மாத உடன்படிக்கை வழியாக, 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது.

தரையில் எல்லை தேய்ந்த அதே காலத்தில் கடலில் எல்லை இறுகிக்கொண்டே வந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலோடு போட் மெயில் இணைந்ததிலிருந்தே இலங்கைப் பயணம் தெற்கே திரும்பிவிட்டது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது. 1974லும் 1976லும் கடல் எல்லைக் கோடுகள். பிறகு 26 ஆண்டுப் போர். அரிசி ஏற்றிய தோணிகள் போன பாதையில் ரோந்துக் கப்பல்கள் வந்தன.

அந்தப் போர் முடிந்த அதே 2009இல் காரைக்காலுக்கு முதன்முறையாக ஆழ்கடல் துறைமுகம் கிடைத்தது. நாகூர் எல்லையை ஒட்டிய வாஞ்சூரில் மார்க் நிறுவனம் கட்டியது. 2011இல் நாகூரிலிருந்து அகல ரயில்பாதை காரைக்கால் வந்தது. கடன் நெருக்கடிக்குப் பிறகு 2023 ஏப்ரலில் அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்குத் துறைமுகத்தை வாங்கியது. ஆண்டுக்கு 2.15 கோடி டன் கையாளும் திறன் அதற்கு. முக்கியச் சரக்கு நிலக்கரி.

இலங்கைக்குப் பயணிகள் கப்பல் விடலாம் என்ற பேச்சு 2022 இறுதியில் வந்தபோது, பேசப்பட்ட பெயர் காரைக்கால்தான். காரைக்கால்–காங்கேசன்துறை, ஏறத்தாழ 4 மணி நேரப் பயணம், 150 பேர், ஒரு வழிக் கட்டணம் 50 டாலர், ஆளுக்கு 100 கிலோ சுமை என்று இலங்கைத் துறைமுக அமைச்சர் நிமல் சிறிபால டி சில்வா அறிவித்தார். ஜனவரி 2023 என்றார்கள், பிறகு ஏப்ரல் 29 என்றார்கள். அந்த 100 கிலோவைக் கவனியுங்கள். அது சுற்றுலாப் பயணியின் பெட்டிக் கணக்கு அல்ல, சிறு வியாபாரியின் மூட்டைக் கணக்கு. யாழ்ப்பாணத்துக்குப் புடவையும் பாத்திரமும் கொண்டுபோய், திரும்பும்போது வேறு சரக்கு கொண்டுவருகிறவருக்கான ஏற்பாடு.

கப்பல் காரைக்காலிலிருந்து புறப்படவேயில்லை. 2023 ஜூலை 21 அன்று தில்லியில் பிரதமர் மோடியும் அதிபர் ரணில் விக்கிரமசிங்கவும் வெளியிட்ட பொருளாதாரக் கூட்டுத் தொலைநோக்கு ஆவணத்தில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பெயர் சொல்லப்பட்டது, ராமேஸ்வரம்–தலைமன்னார் சொல்லப்பட்டது, இருதரப்பும் ஒத்துக்கொள்ளும் பிற இடங்கள் என்றும் சேர்க்கப்பட்டது. மின்கம்பி இணைப்பு, எண்ணெய்க் குழாய், தரைப்பாலம் என்று அந்த ஆவணம் பல பத்தாண்டுகளுக்கான கனவைக் காண்கிறது, நல்ல கனவுதான். அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து 'செரியபாணி' கப்பல் 50 பேரோடு புறப்பட்டு, அடுத்த வாரமே சேவை நின்றது. 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கியது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 6 கோடியே 15 லட்சம் டாலர் மானியம் தர முன்வந்தது. இதற்கு முன் 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் தொடங்கி ஐந்தே மாதத்தில் நின்றதை நினைத்தால், இந்தமுறை கொஞ்சம் பிடிமானம் தெரிகிறது.

நாகைக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர், அதே மக்கள். என் கவலை வேறு. பெயர்ப்பட்டியலில் காரைக்கால் இல்லாவிட்டாலும், இந்தத் திட்டத்தின் சுமையில் காரைக்காலுக்குப் பங்கு இருக்கிறது. அது மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளின் பங்கு.

2016 நவம்பர் 5 அன்று தில்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் கூடி, மீனவர் பிரச்சினைக்கு ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும் என்று முடிவு. அதன் ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தபோது தேதி 2024 அக்டோபர் 29. எட்டு ஆண்டில் முப்பதுக்கு மேல் நடந்திருக்க வேண்டிய இடத்தில் ஆறு. மூன்று மாதங்கள் கழித்து, 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றின் மீது இலங்கைக் கடற்படை சுட்டது. படகில் 13 மீனவர்கள். இருவருக்குப் பலத்த காயம். இந்தியா கண்டனம் தெரிவித்தது. அதற்கு ஆறு வாரம் முன்புதான் அதிபர் அநுர குமார திசாநாயக்க தில்லி வந்து, கப்பல் சேவையைப் பாராட்டிய கூட்டறிக்கை வெளியாகியிருந்தது.

இதில் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நம் இழுவைமடிகள் யாழ்ப்பாண மீனவர்களின் வலைகளை அறுத்துப் போயிருக்கின்றன, கடலடியை வாரிப் போயிருக்கின்றன. போரில் எல்லாம் இழந்து மறுபடி கடலுக்கு வந்த நம் சொந்த மொழிக்காரர்கள் அவர்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்ததில் அவர்கள் குரலும் இருந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு மீனவப் பஞ்சாயத்தாரும் யாழ்ப்பாணத்து மீனவர் சங்கத்தாரும் உட்கார்ந்து பேசாத எந்த ஏற்பாடும் 1941 ஒப்பந்தத்தைப் போலத்தான் ஆகும். கப்பலுக்கு மானியம் தரும் அதே திட்டத்துக்குள், இழுவைமடியை விட்டு ஆழ்கடலுக்கு மாறுகிறவரின் படகுக் கடனும், மாறும்வரை அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கான வழியும் இருக்கவேண்டும். இன்று இவை இரண்டும் இரண்டு தனி அமைச்சகங்களின் இரண்டு தனிக் கோப்புகள்.

காரைக்கால் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. வாஞ்சூரில் துறை இருக்கிறது, ஆழம் இருக்கிறது. சிறு சரக்கு ஏற்ற ஒரு தனித்துறையும், ஒரு குடிவரவு அலுவலகமும், சிறு வியாபாரிக்குப் புரியும் சுங்க விதியும் வேண்டும். அரிசி, வெங்காயம், புடவை, பாத்திரம் போகட்டும். யாழ்ப்பாணத்துப் பனம்பண்டங்களும் கருவாடும் வரட்டும். பேரளம் பாதையும் இப்போது அகலப்பாதையாக மறுபடி போடப்பட்டிருக்கிறது. திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக்கு வரும் கூட்டத்துக்கு அது பயன்படும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், பயன்படட்டும். அது முதலில் போடப்பட்டது அரிசி மூட்டைக்காக. இந்தக் கோரிக்கைகளைப் புதுச்சேரி சட்டமன்றமும் நாகை, மயிலாடுதுறை மாவட்டத்தாரும் ஒன்றாகச் சேர்ந்து வைத்தால் அதன் எடையே வேறு. 1898இல் ஜில்லா போர்டும் பிரெஞ்சு நிர்வாகமும் சேர்ந்துகொண்டதைவிட, இன்று ஒரே நாட்டுக்குள் இருக்கும் இவர்கள் சேர்வது கடினமாக இருக்கக் காரணமில்லை.

அடுத்த வாரம், காரைக்காலின் இன்னொரு தூரத்து அண்டை நாட்டுக்குப் போகிறோம். 1881 செப்டம்பர் ஆணையின்படி தம் சாதி, சமயத் தனிச்சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் பல சைகோனுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போயின. அந்தப் பணத்தில் காரைக்கால் தெருக்களில் எழுந்த வீடுகளையும், 1954க்குப் பிறகு திரும்பி வந்தவர்களையும் பற்றி எழுதுகிறேன்.

(தொடரும்)